வாடின கத்தரிக்கு மருந்து கேட்காதீர்கள்

மாரி மழை விட்டு, மட்டக்களப்பில் களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்க மணல் காணிகளில் கத்தரியும் மிளகாயும் நட்டு முடிகிற நேரம் என் வட்ஸ்அப்பில் வாடின கன்றுகளின் படங்கள் குவியத் தொடங்கிவிடும். கீழே எப்போதும் ஒரே கேள்வி: "சேர், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

ஒரு மருந்தும் இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

இலை பச்சையாகவே இருக்க, பகலில் துவண்டு, மாலையில் கொஞ்சம் நிமிர்ந்து, சில நாளில் ஒரேயடியாகச் சாய்ந்தால் அது பெரும்பாலும் பக்டீரியா வாடல். சந்தேகமென்றால் அடித்தண்டை வெட்டி, கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி இறங்கினால் அதேதான்.

காசு செலவில்லாத இந்த வேலையை யாரும் செய்வதில்லை, நேரே கடைக்குத்தான் ஓட்டம். கடையில் தருகிற பூஞ்சண நாசினி பூஞ்சணத்துக்கு, பூச்சி மருந்து பூச்சிக்கு. தண்டுக்குள்ளே குழாயை அடைத்துக்கொண்டிருக்கிற பக்டீரியாவுக்கு இலைமேல் அடிக்கிற எதுவும் போய்ச் சேராது, அளவை இரட்டித்து அடித்தாலும் சரி, இரண்டு மூன்றைக் கலந்து அடித்தாலும் சரி. "பக்கத்துக் கன்று தப்பிட்டுது சேர், மருந்து வேலை செய்யுது" என்பார்கள். அந்தக் கன்றுக்கு நோய் இன்னும் வந்து சேரவில்லை தம்பி, அவ்வளவுதான். வாடுதே என்று தண்ணீரை அள்ளி ஊற்றுவது இன்னும் மோசம்: சூடும் ஈரமும் சேர்ந்தால் இது நன்றாகப் பெருகும், ஓடுகிற தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் போகும்.

வாடின கன்றை வேரோடும் வேரைச் சுற்றின மண்ணோடும் கிளப்பி, பையில் போட்டுக் கொண்டுபோய் எரியுங்கள். தயவுசெய்து கிணற்றடியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். மண்வெட்டி, கத்தி, செருப்பு எல்லாம் கழுவின பிறகுதான் மற்றப் பாத்திக்குள் கால் வைக்க வேண்டும்.

இந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். "அப்ப கச்சான் போடவா?" என்று கேட்பவர்கள் நிறைய. கச்சானுக்கும் இது வரும். சோளன் போடுங்கள். கத்தரிதான் வைப்பேன் என்றால் சுண்டங்காய்ச் செடியில் ஒட்டின நாற்றைத் தேடிப் பாருங்கள், ஓரளவு தாங்கும். நாற்று வாங்கும்போது விலையை மட்டும் கேட்காமல் எந்த மண்ணில் வளர்த்தது என்றும் கேளுங்கள். சொந்தமாக நாற்றுப் போடுகிறவர்கள், மண்ணில் கிடக்கிற கிருமி சூட்டில் சாக, வெயில் காலத்தில் நாற்றுமேடையை நனைத்து, கண்ணாடிப் பொலித்தீனால் இறுக்கி மூடி, 4 முதல் 6 கிழமை விட்டு, அப்புறம் விதையுங்கள். கறுப்புப் பொலித்தீன் சரிவராது.