மம்சேர்: வேசிப்பிள்ளை அல்ல

‘வேசிப்பிள்ளையும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது’ என்கிறது தமிழ் விவிலியம் (உபாகமம் 23:2). எபிரேய மூலத்தில் அங்கே இருக்கும் சொல் மம்சேர். எபிரேய வேதத்தில் இது வருவதே இரண்டு இடங்களில்தான். இன்னொன்று சகரியா 9:6. வேசி என்ற பொருள் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே ஏறிவிட்டது. யூத மதச் சட்டமான ஹலாக்கா சொல்வது வேறு.

மணமாகாத பெண் பெற்றதால் மட்டும் ஒரு பிள்ளை மம்சேர் ஆகிவிடாது. மணமான யூதப் பெண் கணவன் அல்லாத யூத ஆணுக்குப் பெற்ற பிள்ளையும், அண்ணன் தங்கை போன்ற விலக்கப்பட்ட உறவில் பிறந்த பிள்ளையும்தான் மம்சேர். அவர் யூதர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னொரு மம்சேரையோ, யூத மதத்துக்கு மாறி வந்தவரையோதான் மணக்கலாம். தடை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பெற்றவர்கள் செய்ததற்குப் பிள்ளை தலையில் இப்படியொரு சுமை! மற்றபடி மதிப்பில் குறைவில்லை: கல்லாத தலைமைக் குருவைவிடக் கற்ற மம்சேருக்கே முன்னுரிமை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா.

சொல்லின் வேர் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. ‘கெட்டுப்போதல்’ என்னும் வேரோடு சிலர் சேர்க்கிறார்கள். கூமுட்டைக்கான எபிரேயச் சொல்லும் அந்த வேரில் வந்ததுதான். மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்முத், மம்சேர் என்ற சொல்லை ‘மூம் ஸார்’, அதாவது அந்நியக் குறை, என்று பிரித்துக் காட்டுவது சொல் விளையாட்டு. ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் மம்சேர் வெறும் வசவு.

மரபணுச் சோதனை வந்ததும் சிக்கல் கூடியது. யூத மத அறிஞர்களான ரபிகள் காலங்காலமாக யாரையும் மம்சேர் ஆக்காமலிருக்கவே வழி தேடினார்கள். மணமான பெண்ணின் பிள்ளை கணவனுடையதே என்பது அவர்களின் அடிப்படை அனுமானம். கணவன் கடல் கடந்து போய்ப் பன்னிரண்டு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளையைக்கூட, கரு அவ்வளவு காலம் தங்கியிருக்கலாம் என்று சொல்லி ஏற்றுக்கொண்ட தீர்ப்பு தால்முத்தில் இருக்கிறது. ஒரு துளி எச்சிலில் இதெல்லாம் உடைந்துவிடும். அதனால்தான் இஸ்ரேலில் தந்தை யாரென்று அறியும் சோதனைக்கு, 2000-ஆம் ஆண்டு மரபணுத் தகவல் சட்டத்தின்படி, நீதிமன்ற உத்தரவு வேண்டும். பிள்ளைக்கு மம்சேர் பட்டம் விழும் ஆபத்து இருந்தால் அந்த உத்தரவு கிடைப்பது அரிது. அதே டி.என்.ஏ. சான்றை, 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் காணாமல்போனவர்கள் இறந்ததை உறுதிசெய்து, அவர்களின் மனைவியர் மறுமணம் செய்ய வழிவிடுவதற்கு ரபிகள் ஏற்றார்கள். விலங்கை அவிழ்க்க ஆகும் சான்று, பூட்ட ஆகாது. எனக்கு இது முரணாகத் தெரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிகண்டுச் சொல்லான ‘குண்டகன்’ (கணவன் இருக்கையில் கள்ளக் காதலனுக்குப் பிறந்தவன்) பாதிப் பொருளுக்குப் பொருந்தும். ஆனால் இன்று யாருக்கும் புரியாது, ஆண்பால் வேறு. ‘முறைகேடாகப் பிறந்தவர்’ என்றால் மணமாகாத தாயின் பிள்ளையும் உள்ளே வந்துவிடும். ‘விலக்குறவுப் பிள்ளை’ என்பது என் பரிந்துரை. முதலில் வரும் இடத்தில் மம்சேர் என்ற மூலச்சொல்லையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.