அலாஸ்காவுக்குப் போகும் நுவரெலியாக்காரர்களுக்கு

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, கையோடு வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரக் கப்பல் பயணமும் போட்டுக் கொடுப்பது இப்போது ஹட்டன், நுவரெலியா பக்கமும் நடக்கிறது. பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில், இல்லையென்றால் செப்டெம்பரில். சீசன் முடிகிற நேரம் என்பதால் விலை கொஞ்சம் இறங்கும். போவதற்கு முன் பிரஷர் பார்க்க, மருந்து எழுதி வாங்க என்று என்னிடம் வருகிறவர்களிடம் உடுப்பைப் பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "நாங்க நுவரெலியா ஆளுங்க டொக்டர், குளிர் எங்களுக்கு என்ன புதுசா?"

புதுசுதான். ஆனால் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்தால் அது தெரியாது, அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஜூனோ நகரத்தில் பகலில் 16, 17 பாகை, இரவில் 9, 10 பாகை. கிட்டத்தட்ட நம் ஊர்க் கணக்கு. ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கிற நுவரெலியா விடியற்காலை அதைவிடக் குளிர். ஆனால் நம் குளிர் விடியற்காலைக் குளிர், கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறிவிடும், அதற்குள் நாமும் ஏற்றத்தில் நாலு எட்டு நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வோம். கப்பலில் கதை வேறு. அது மணிக்கு 20 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 37 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், காற்றே இல்லாத நாளிலும் மேல்தட்டில் நிற்பவர் முகத்தில் 37 கிலோமீட்டர் காற்று அடிக்கும். 10 பாகையில் அந்தக் காற்றுப் பட்டால் உடம்புக்கு அது 6 பாகை. 5 பாகை என்றால் பூச்சியத்துக்கும் கீழே. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து கடலுக்கு இறங்குகிற பனிக்கட்டிப் பாளம், அதாவது பனியாறு (கிளேசியர்), அதற்குக் கிட்டப் போனதும் கப்பல் வேகத்தைக் குறைக்கும், சரி, ஆனால் அங்கே பனிக்கட்டி மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே இறங்கி நேரே நம் மேல் வரும். அந்த நேரம் பார்த்து யாரும் நடப்பதும் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார்கள்.

மழையையும் சொல்லவேண்டும். கெச்சிகன் என்ற ஊரில் வருடத்துக்கு ஏறக்குறைய 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது, நுவரெலியாவைப்போல் இரண்டு மடங்கு. (வட்டவளைக்காரர்கள் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள், தெரியும்.) அந்தப் பக்கம் மழை கூடுவதே செப்டெம்பர், ஒக்டோபரில்தான். நம் பின்நேர மழைபோல் கொட்டிவிட்டு நிற்காது, நாள் முழுக்கத் தூறும். கப்பல் தட்டில் குடை விரித்தால் குடைதான் பறக்கும்.

அதனால் உடுப்பு. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளியோ சிந்தெட்டிக்கோ, அதற்கு மேல் சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெட், தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர், கையுறை. கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் மழை நாளில் மேலே கம்பளி போட்டு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்களே, அதே கணக்குத்தான். இதற்காகக் கனடாக் கடையில் காசைக் கொட்டவும் தேவையில்லை, நுவரெலியா பேல் பஜாரில் பொறுமையாகத் தேடினால் நல்ல ஜக்கெட்டே கிடைக்கும். வாங்குமுன் கடைக்காரர் அனுமதியோடு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு ஓடுகிறதா, ஊறுகிறதா என்று.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது காலைத்தான். பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி, குளிருக்கு இரண்டு சொக்ஸ் போட்டு, பழகட்டும் என்று அதோடு கிளினிக்குக்கு நடந்தே வந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கழற்றச் சொன்னேன். சுண்டுவிரல் ஓரத்தில் சொக்ஸ் மடிந்து பதிந்த கோடு, அதன் நடுவில் ஒரு பருப்பு அளவுக்குச் சிவந்து கொப்புளம். "வலிக்கலையா ஐயா?" என்றால், எது என்று குனிந்து பார்க்கிறார். நரம்பு மரத்துப்போன கால் அப்படித்தான், கடித்தாலும் சொல்லாது, குளிரில் இன்னும் சொல்லாது. ஒரு மாதத்துக்கு முன்பே, தடித்த சொக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் அளவு பார்த்துச் சப்பாத்து வாங்குங்கள், விரல் அசைய இடம் வேண்டும். இரவில் கால் குளிர்கிறது என்று சுடுதண்ணிப் பை வைக்கவே கூடாது, சுடுவதும் தெரியாது. இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.

பிரஷர் ஆட்களுக்கு: குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். நெஞ்சுவலிக்காரர்கள் காற்றுக்கு எதிராக வேகமாக நடக்கவேண்டாம், நாக்கின் கீழ் வைக்கும் குளிசை கபினில் அல்ல, சட்டைப் பையில். அலாஸ்கா கோடையில் நமக்கு 13½ மணிநேரம் பின்னால் நிற்கிறது, வன்கூவர் 12½. ஆகவே காலைக் குளிசையை இலங்கை மணிக்கூட்டைப் பார்த்து விழுங்காமல் அந்த ஊர்க் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் அந்த மாற்றத்தை டொக்டரோடு இருந்து எழுதி எடுக்கவேண்டும்.

கப்பல் ஆட்டத்தில் வரும் தலைசுற்றலுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். தீவுகளுக்கு நடுவே போகும் பாதை பெரும்பாலும் அமைதி. திறந்த கடலைக் கடக்கும் இடங்களில்தான், அதுவும் செப்டெம்பர் புயல் நாட்களில், ஆட்டும். அதற்கான மாத்திரை தூக்கம் வரவைக்கும், புரொஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைக்கும், சிலவகைக் கண் அழுத்தத்துக்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த குளிசை வேண்டாம்.

இவ்வளவும் எதற்கு? கண்ணாடிக்குப் பின்னால் சூட்டில் உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் பார்க்கலாம். பனியாற்று முகப்பிலிருந்து ஒரு துண்டு உடைந்து கடலில் விழும்போது, ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 3 செக்கன் ஆகும். சத்தம் கேட்டுத் திரும்பினவர் பார்ப்பது வெறும் அலையைத்தான். முன்கூட்டியே கண்ணை வைத்துக்கொண்டு வெளியே நிற்கவேண்டும். கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவில் இப்போது கப்பல் போகிற பாதை 1794இல் ஜோர்ஜ் வன்கூவர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் ஆட்கள் வந்தபோது தண்ணீரே இல்லை, பனிக்கட்டி; அன்றிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. முகப்பு நீலமாகத் தெரிவது, இறுகின பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால். மேகமூட்ட நாளில் அந்த நீலம் இன்னும் எடுப்பாக இருக்கும், எனவே மந்தாரம் என்று அறைக்குள் படுத்துவிடாதீர்கள்.

கோடைக் கடைசியில் போவதற்கும் கூலி உண்டு. கெச்சிகன் ஓடையில் சமன் மீன் ஏறும் காலம், முட்டையிட்டுச் செத்துக் கிடப்பதும் நிறைய, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்கவேண்டும். அதைத் தின்னக் கரடி வரும். குளிர்காலத்துக்கு ஹவாய் போகிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அப்போதும் அங்கேதான் தின்றுகொண்டிருக்கும். ஜூனில் இரவு சரியாக இருட்டாது, ஆகஸ்ட் கடைசியில் இருட்டும், வானம் திறந்தால் வடதுருவ ஒளி தெரிய வாய்ப்பு உண்டு. மேகம் விட்டால்தான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அலாஸ்கா அமெரிக்கா. இலங்கைப் பாஸ்போட்டில் கனடா விசா மட்டும் இருந்தால் கப்பல் ஏற விடமாட்டார்கள். கப்பல் டொக்டருக்கும் காசு, ஹெலிகொப்டரில் தூக்கவேண்டி வந்தால் பெருங்காசு, காப்புறுதி எடுங்கள். மருந்துகளின் பொதுப் பெயர் போட்ட கடிதம் ஒன்று உங்கள் டொக்டரிடம் வாங்குங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, கட்டுநாயக்காவுக்கு வான் வாசலில் நிற்கும்போது அல்ல.