சொல் விளக்கம்: குட்பை

குட்மார்னிங், குட்நைட் ஆகியவற்றோடு பிறந்த சொல் போலத் தோன்றுகிறது குட்பை. ஆனால் அதன் முன்பாதியில் இருப்பது கடவுள். 'காட் பி வித் யீ', அதாவது 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்ற முழு வாழ்த்து, பேசிப் பேசித் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. குட்டே, குட்நைட் என்று நாள்முழுதும் சொல்லிப் பழகிய நாக்கு, 'காட்' என்பதையும் காலப்போக்கில் 'குட்' ஆக்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரரின் 'அதியூ', ஸ்பானியரின் 'அதியோஸ்' இரண்டும் கடவுளிடம் ஒப்படைத்துப் பிரியும் சொற்கள்தாம். அவற்றில் கடவுள் இன்றும் வெளிப்படையாகத் தெரிகிறார்; ஆங்கிலத்தில் மறைந்துபோனார்.

அகராதிகள் காட்டும் பழைய சான்று 1573ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த கேப்ரியல் ஹார்வி என்ற அறிஞர் ஒரு கடிதத்தில், 'நீர் அனுப்பிய ஒரு கேலன் காட்ப்வைகளுக்குக் கைம்மாறாக அரை கேலன் ஹவ்டிகளைத் திருப்பித் தருகிறேன்' என்று குறும்பாக எழுதுகிறார். 'ஹவ்டி' என்பது 'ஹவ் டூ யீ' என்ற நலம் விசாரிப்பின் சுருக்கம். ஒரே வரியில் வரவேற்கும் சொல்லும் வழியனுப்பும் சொல்லும் பால் அளப்பதுபோல் அளக்கப்பட்டிருக்கின்றன. தேய்ந்த சொற்களை வைத்து அப்போதே கேலி செய்ய முடிந்திருக்கிறது என்றால், பேச்சில் அவை நெடுநாள் புழங்கியிருக்க வேண்டும். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் தொகுப்பில், ஹாம்லெட் நண்பர்களை அனுப்பிவைக்கும் இடத்தில், இந்த வாழ்த்திலுள்ள 'பை' என்பதற்கு 'வாங்கு' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளையே போட்டிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டல் அந்த அளவுக்குத் தடுமாறியிருக்கிறது.

இன்றைய ஆங்கிலத்தில் முழுச் சொல்லான குட்பை சற்றுக் கனமானது. நாளையும் பார்க்கப்போகும் சக ஊழியரிடம் அதைச் சொன்னால், வேலையை விட்டே போகிறீர்களோ என்று அவர் யோசிக்கக்கூடும். அன்றாடத்துக்கு 'பை', 'சீ யூ' போதும். 'ஃபேர்வெல்' இன்னும் கனம். பிரிவு விழாவுக்கும் ஏட்டுக்கும் உரியது. அதில் உள்ள 'ஃபேர்' பயணம் செய்வதைக் குறித்த பழஞ்சொல். பஸ் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' அதன் உறவுதான். 'நலமாகப் பயணம் செய்க' என்பதே ஃபேர்வெல்லின் நேர்ப்பொருள். முன்பு, தங்குபவர் புறப்படுபவரிடம் சொல்லும் சொல்லாக இருந்தது.

நம்மவர் அடிக்கடி இடறும் இடங்கள் இரண்டு உண்டு. இரவு ஒன்பது மணிக்கு ஒருவரைச் சந்தித்தவுடன் குட்நைட் சொல்லக் கூடாது; அது பிரியும்போது மட்டுமே. சந்திக்கும்போது எவ்வளவு நேரமானாலும் குட் ஈவினிங்தான். அடுத்து, புதியவரிடம் அறிமுகமாகும்போது 'நைஸ் டு மீட் யூ'. பேசிமுடித்துக் கிளம்பும்போது 'நைஸ் மீட்டிங் யூ'.

'டாட்டா'வும் ஆங்கிலச் சொல்தான்; குழந்தைகளோடு பேசும்போது பெரியவர்கள் சொன்ன மழலைச் சொல். தமிழிலும் அது நேராகத் தொட்டிலுக்கே போய்ச் சேர்ந்து, 'டாட்டா காட்டு' என்று கையசைப்புக்குப் பெயராகிவிட்டது. லாரிகளின் முகப்பில் இருக்கும் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

குட்பைக்குத் தமிழ் என்ன? அகராதியைப் புரட்டினால் 'பிரியாவிடை' கிடைக்கும். பணி ஓய்வு விழா அழைப்பிதழில் அது அழகாக இருக்கும். வாசலில் நின்று யாரும் 'பிரியாவிடை' என்று சொல்வதில்லை. 'விடை' என்பது இங்கே அனுமதி. அதனால்தான் விடையைப் 'பெறுகிறோம்', 'கொடுக்கிறோம்'. புறப்படுபவர் கேட்க, இருப்பவர் தர வேண்டும். வீட்டுப் பேச்சில் இதற்குச் சரியான சொல் 'போய் வருகிறேன்'. அதிலும் 'போய்' உதிர்ந்து வெறும் 'வருகிறேன்'. வயதில் மூத்தவர் 'போய் வா' என்று சொல்லி அனுப்புவார். 'போகிறேன்' என்று சொல்லிவிட்டால் பாட்டிமார் உடனே திருத்துவார்கள். துக்க வீட்டில் மட்டும் இந்த வழக்கம் தலைகீழ்: அங்கே 'வருகிறேன்' என்ற பேச்சே கிடையாது, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும்.

திரும்பி வருவேன் என்ற இந்த உறுதிமொழியை வள்ளுவரின் தலைவி ஏற்கவில்லை. 'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை' என்கிறாள். போகவில்லை என்றால் என்னிடம் சொல். விரைந்து வருவதைப் பற்றியா, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் போய்ச் சொல். விடை கேட்டவனுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு இருக்க முடியாது.

மேடையிலும் செய்தியறிக்கையிலும் 'நன்றி, வணக்கம்' என்று முடிப்பது நிலைத்துவிட்டது. வரும்போதும் வணக்கம், போகும்போதும் வணக்கம். குட்பை இந்த இரட்டை வேலையைச் செய்யாது. கடித முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதுவது ஆங்கிலக் கடித முறையின் நகல். விடுப்புக் கடிதங்கள் வழியாக அது தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. 'இப்படிக்கு' என்ற ஒற்றைச் சொல்லே அங்கே போதும், கீழே பெயர்.