அரூப ஓவியத்துக்கும் மேல் கீழ் உண்டு

"எப்படி மாட்டினாலும் ஒண்ணுதானுங்களே?" கோவையில் ஓவியங்களுக்கு பிரேம் போடுகிற என்னிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி. போன வாரம் பல்லடத்துக்காரர் ஒருவர், தங்கை மகள் கரியால் வரைந்த, உருவம் எதுவும் தெரியாத நெட்டுவாக்குப் படத்தைப் படுக்கைவாக்கில் திருப்பிப் போடச் சொன்னார். சோபாவுக்கு மேலே அகலமான சுவர் இருக்கிறதாம். இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உருவம் தெரியாவிட்டால் திசையும் கிடையாதா? டச்சு ஓவியர் பீட் மாண்ட்ரியனின் ஆரம்பகால ஓவியங்களைப் பாருங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் வருவதற்கு முந்தையவை. 1909-இல் அவர் பிரம்மஞான சபை (தியசாபிகல் சொசைட்டி) என்ற ஆன்மிக அமைப்பில் சேர்ந்தார். அடையாறில் தலைமையகம் உள்ள அதே சபைதான். 1914-15-இல் அவர் வரைந்த 'கடற்பாலமும் கடலும்' வரிசையில் ஒரு நீள்வட்டத்துக்குள் சின்னச் சின்னக் கோடுகள், அவ்வளவுதான். படுத்த கோடு கடல். அந்தச் சபையின் சிந்தனையை ஒட்டிய அவர் கணக்கில் அது பெண்மை, பருப்பொருள். நின்ற கோடு ஆண்மை, ஆன்மா. கீழே நடுவில் குத்துக்கோடுகள் நெருங்கி நிற்கின்றன, அதுதான் பாலம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சிலுவை. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் சேர்ந்து நிற்பதைத்தான் அவர் தேடினார். இதைப் பக்கவாட்டில் திருப்பினால் கடல் எழுந்து நிற்கும், பாலம் படுத்துவிடும். தறி ஓடுகிற ஊர்க்காரருக்கு இது புரியாதா? நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் இடம் மாற்றிவிட்டு அதே துணி என்பாரா?

"மியூசியத்திலேயே தலைகீழா மாட்டினாங்களே" என்பார்கள். உண்மைதான். ஒட்டுநாடாவால் மாண்ட்ரியன் 1941-இல் செய்த ஒரு படைப்பு பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குவதாக 2022-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். திருப்பினால் நாடாக்கள் பிய்ந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். தவறு நடந்தபின் சரிசெய்வது அவ்வளவு கஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வரைந்தவரைக் கேளுங்கள். பின்பக்கம் மேல்பகுதியில் பென்சிலால் லேசாக ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். கரி ஓவியத்தைத் துணியால் துடைக்கவே கூடாது, ஈரத்துணியோ உலர்துணியோ. கண்ணாடி தாளில் படாமல் நடுவில் மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம், வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். பிளைவுட்டில் பசை தடவி ஒட்ட விடாதீர்கள். பிறகு உரிக்கவே முடியாது.

அப்புறம், ஓரம் காலியாகத்தானே இருக்கிறது, அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று எந்தக் கடையில் சொன்னாலும் படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாண்ட்ரியனின் அந்த நீள்வட்டத்துக்கு வெளியே நாலு மூலையும் காலிதான். அதையும் அவர்தான் விட்டு வைத்தார்.