கீ ஹோஅலு: தளர்ந்த சாவி அல்ல

ஹவாய் இசைச் செய்தி ஒன்றைக் கணினி எனக்குத் தமிழில் மாற்றித் தந்தது: ‘தளர்ந்த சாவி கிட்டார் கச்சேரி’. யார் வீட்டுச் சாவி, ஏன் தளர்ந்தது என்று சிரிக்கலாம். ஆனால் ஆங்கிலத்திலேயே அதற்கு ‘ஸ்லாக் கீ’ என்றுதான் பெயர், கணினி என்ன செய்யும்? மூலச் சொல் ஹவாய் மொழியில் இருக்கிறது: கீ ஹோஅலு.

‘கீ’ ஆங்கிலத்திலிருந்து ஹவாய்க்குப் போன சொல். இங்கே அது கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்கும் திருகு. வீணைக்காரர்களுக்குப் பிருடை, பழைய வழக்கில் முறுக்காணி. ‘அலு’ என்றால் தளர்வு, தொய்வு. அதற்கு முன்னால் நிற்கும் ‘ஹோ’ பிறவினையாக்கும் முன்னொட்டு. தமிழில் ‘தளர்’ என்பதைத் ‘தளர்த்து’ ஆக்குவது போல. ஆக, கீ ஹோஅலு என்றால் திருகைத் தளர்த்துவது. கம்பி தானாகத் தொய்ந்துபோகவில்லை. வாசிப்பவர் வேண்டுமென்றே தளர்த்துகிறார். ஆங்கிலத்தில் இந்தச் செயல் காணாமல் போய், தளர்வு மட்டும் மிஞ்சிவிட்டது.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘ஹோ’வுக்கும் ‘அலு’வுக்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். அந்த ஒலிக்கு ஓகினா என்று பெயர். ஹவாய் மொழியில் அது ஒரு மெய்யெழுத்து. நம் நாக்கு சும்மா இருக்காது, உடம்படுமெய் போட்டு ‘ஹோவலு’ ஆக்கிவிடும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

இந்தப் பழக்கத்தின் பின்னணியில் மாடுகள் இருக்கின்றன. 1793இல் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு மாடுகளைக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டதால் பெருகி, காட்டு மாடுகளாகி, தோட்டங்களை மிதித்தன. மேய்த்து அடக்கக் கற்றுத்தர 1830களில் மெக்சிகோ பகுதியிலிருந்து மாட்டுக்காரர்களை அழைத்து வந்தார்கள். ஹவாயில் மாட்டுக்காரருக்கு இன்றும் பனியோலோ என்றே பெயர். ‘எஸ்பான்யோல்’ என்பதன் திரிபு. அவர்களோடு கிட்டாரும் வந்தது. வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு, விட்டுப்போன கிட்டார்களைத் தீவுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்றபடி கம்பி தளர்த்தி வாசித்தார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை.

வெகுகாலம் இது வீட்டுத் திண்ணை இசை. குடும்பத்துக்கு ஒரு சுருதி அமைப்பு இருக்கும், வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள். கிட்டாரைக் கீழே வைக்குமுன் கம்பிகளைக் கலைத்துவிடுவார்களாம்! கேபி பஹினுயி 1946இல் பாடி வாசித்த ‘ஹிஇலவே’தான் இந்த பாணியின் முதல் இசைத்தட்டு என்று பரவலாகச் சொல்கிறார்கள். அப்புறம் ஒரேயடியாக வெளிச்சம். ஹவாய் இசைத் தொகுப்புக்கென்று 2005இல் கிராமி விருதுப் பிரிவு தொடங்கியது. 2011 வரை கொடுத்த 7 விருதுகளில் 5, தலைப்பிலேயே ‘ஸ்லாக் கீ’ என்ற சொல் கொண்ட தொகுப்புகளுக்குப் போயின. ஹவாய் இசை என்றால் கிட்டார் மட்டும்தானா, எங்கள் மொழிப் பாடகர்கள் எங்கே என்று தீவுகளில் முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் மனம் முதலில் போனது ‘தளர்நரம்பு’க்கு. யாழுக்கு நரம்பு என்பது அழகான பழஞ்சொல். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்டதும் சுவரொட்டியில் பார்த்த நரம்புத் தளர்ச்சி வைத்தியர்தான் நினைவுக்கு வருவார். ‘கம்பி’ கடைப் பேச்சுக்குச் சரி, தளர்ந்த கம்பி என்றால் பழுதுபட்ட கிட்டார் ஆகிவிடும். மிஞ்சுவது ‘தந்தி’. அஞ்சலகத் தந்தியும் 2013இல் நின்றுவிட்டதால் இப்போது அந்தச் சொல் முழுக்க இசைக்காரர்களுக்கே சொந்தம். இசைப் பாணியைத் ‘தளர்தந்தி கிட்டார்’ என்றும், செயலைத் ‘தந்தி தளர்த்தல்’ என்றும் எழுதலாம். வினைத்தொகையில் அந்தப் பிறவினை நழுவுகிறதே என்று ஓர் இலக்கண ஆசிரியர் கேட்டால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சுருதி அமைப்புகளின் பெயர்களைத் தமிழாக்குவதில் இந்தச் சிக்கல் இல்லை. எல்லோரும் முதலில் கற்பதன் பெயர் ‘டாரோ பாட்ச்’. டாரோ வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். அங்கே வேகவைத்து இடித்து, பொய் என்ற கூழாக்கிச் சாப்பிடுகிறார்கள். சேப்பங்கிழங்குப் பாத்தி என்றே சொல்லிவிடலாம். வழக்கமான கிட்டாரில் கனத்த முதல் இரண்டு கம்பிகளையும் மெல்லிய கடைசிக் கம்பியையும் இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். ஜி சுரத்தை ஸட்ஜமாக வைத்துக் கனத்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள்: ப, ஸ, ப, ஸ, க, ப. இடது கைக்கு வேலையே இல்லை. கட்டைவிரல் கீழே பஞ்சமத்தையும் ஸட்ஜமத்தையும் தம்புரா மாதிரி மாறிமாறித் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.