அது ஓடுகிறதா, நான் ஆடுகிறேனா?

சைக்கிளில் போகும் ஒருவரை 20 மீட்டர் பின்னாலிருந்து ஒரு ட்ரோன் துரத்துகிறது. ரிமோட்டைப் பிடித்திருக்க ஆள் கிடையாது. திடீரென்று படத்தில் அவர் 30 பிக்சல் வலப்பக்கம் தள்ளிப் போய்விட்டார். அவர்தான் திரும்பினாரா, இல்லை காற்றில் ட்ரோன் இடப்பக்கம் திரும்பிவிட்டதா?

கணக்குப் போட்டால் சிக்கல் புரியும். கேமராவின் பார்வைக் கோணம் 90 பாகை, படத்தின் அகலம் 1,280 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் தொலைவில் இருப்பவர் பக்கவாட்டில் 1 மீட்டர் விலகினால் படத்தில் 32 பிக்சல் நகர்வார். ட்ரோன் நின்ற இடத்திலேயே 3 பாகை திரும்பினாலும் கிட்டத்தட்ட அதே அளவு நகர்வார். 3 பாகை என்பது பறக்கும் ட்ரோனுக்கு ஓயாமல் நடக்கிற சின்ன ஆட்டம். ஆகவே துரத்துகிற வேலையில் பாதி, தான் எப்படி அசைகிறோம் என்று தெரிந்துகொள்வதுதான்.

இதற்கு முதல் உதவி, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சென்சார். அதற்குள் இருக்கும் கைரோஸ்கோப் சுழற்சியையும் முடுக்கமானி வேக மாற்றத்தையும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளக்கின்றன. ஆனால் இதை மட்டும் நம்பிப் பறப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பது மாதிரி. முடுக்கத்தில் 0.05 மீட்டர்/விநாடி² பிழை விடாமல் இருந்தால், 10 விநாடியில் இடக் கணிப்பு 2.5 மீட்டர் தவறிவிடும்.

தவறைத் திருத்துவது கேமராதான். சுவரின் மூலை, பாறையின் விளிம்பு என்று பளிச்சென்று தெரியும் புள்ளிகள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அவை எங்கே போயின என்று பார்க்கிறது. லூகாஸும் கனாடேயும் 1981-இல் சொன்ன முறை இன்றும் இதற்குப் பயன்படுகிறது. சென்சார் சொல்வதையும் படம் சொல்வதையும் இணைத்தால் ட்ரோனின் இடமும் சாய்வும் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டருக்கு 2021 மே 22 அன்று நடந்ததைப் பாருங்கள். பறக்கத் தொடங்கி 54 விநாடி ஆனபோது ஒரே ஒரு படம் தொலைந்தது. அதன் பிறகு வந்த படங்களெல்லாம் தவறான நேர முத்திரையோடு வந்தன. இல்லாத பிழையை ஹெலிகாப்டர் திருத்தித் திருத்தி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. கடைசிக்கட்ட இறக்கத்தில் கேமராவைப் பார்க்காமலேயே இறங்கும்படி வடிவமைத்திருந்ததால் பிழைத்தது.

சரி, தன்னைத் தெரிந்தாயிற்று. இனி இலக்கு. 'இது மனிதர், இது வண்டி' என்று அடையாளம் காணும், நரம்பு வலையமைப்பு என்ற நிரல் துல்லியமானது, ஆனால் கணினிக்குச் சுமை. அதனால் அதை அவ்வப்போது ஓட்டிவிட்டு, இடைப்பட்ட படங்களில் இலகுவான ஒரு பின்தொடரியை வைத்துச் சமாளிப்பதுண்டு. பின்தொடரி, இலக்கைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, உள்ளே இருக்கும் தோற்றத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு அடுத்த படத்தில் அதற்கு ஒத்த இடத்தைத் தேடும். தோற்றம் மாறிக்கொண்டே இருப்பதால் மாதிரியையும் புதுப்பித்துக்கொண்டே வரும். வம்பு அங்கேதான். சைக்கிள்காரர் பாதி மரத்துக்குப் பின்னால் போகும்போதும் மாதிரியைப் புதுப்பித்தால் பெட்டிக்குள் மரம் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். அவர் போன பிறகும் ட்ரோன் மரத்தையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க, பொருத்தம் குறைந்ததுமே புதுப்பிப்பதை நிறுத்திவிட்டுக் கணிப்புக்கு மாற வேண்டும். 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட, அப்பல்லோ பயணங்களுக்கும் வழிகாட்டிய 'வடிகட்டி' என்ற கணக்கு முறைதான் இங்கே கைகொடுக்கிறது. கடைசியாகத் தெரிந்த இடத்தையும் வேகத்தையும் வைத்து இப்போது எங்கே இருப்பார் என்று ஊகிக்கும். கூடவே ஊகம் எவ்வளவு தப்பலாம் என்பதையும் சொல்லும். இந்த இரண்டாவது பதில்தான் எனக்கு அழகாகப் படுகிறது. மறைந்திருக்கும் நேரம் கூடக்கூட, தேட வேண்டிய வட்டமும் விரியும். மறையாதபோதும் கணிப்பு வேண்டும். படம் எடுத்து முடிவெடுக்க 100 மில்லி விநாடி ஆனால், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறவர் அதற்குள் 1 மீட்டர் தாண்டியிருப்பார்.

பறப்பதிலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. நான்கு விசிறி ட்ரோன் முன்னால் பாய வேண்டுமானால் மூக்கைக் கீழே சாய்க்க வேண்டும். 5 மீட்டர்/விநாடி² முடுக்கத்துக்குச் சாய்வு 27 பாகை. துரத்தப் பாய்ந்த அந்தக் கணமே உடலோடு பொருத்திய கேமரா தரையைப் பார்க்கிறது. இலக்கு படத்தின் மேல் விளிம்பில் நழுவுகிறது. உடல் சாய்ந்தாலும் கேமராவைச் சாயாமல் பிடித்திருக்கும் கிம்பலில் தொங்கும் கேமரா இதைச் சமாளிக்கும். வழி பார்க்கும் கேமராக்களோ உடலோடுதான் சாயும். 2019-இல் வந்த ஸ்கைடியோ 2 ட்ரோன், மிக அகன்ற பார்வையுள்ள ஆறு கேமராக்களை வழி பார்க்க வைத்துக்கொண்டது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்றுக்கு வழி தெரியும். வழி வகுக்கும் நிரல் அடுத்த சில விநாடிக்கான பாதைகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். எதிலும் மோதக்கூடாது என்பதற்கே முதலிடம். இலக்கு கண்ணில் படவேண்டும் என்பது அடுத்துத்தான்.

நெருங்கிப் போனால் வேறொரு தொல்லை. அசையாத புள்ளிகளை வைத்துத்தானே ட்ரோன் தன் இடத்தைக் கணிக்கிறது? ஒரு பேருந்து படத்தை அடைத்துக்கொண்டால் பெரும்பாலான புள்ளிகள் பேருந்தின் மேல்தான் இருக்கும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத புள்ளிகளைக் கழிக்கும் வழக்கமான முறை, இப்போது உண்மையாகவே அசையாத சாலையைக் கழித்துவிடும். பேருந்து நிற்பதாகவும், அது விலகிப் போனால் தான் பின்னால் போவதாகவும் ட்ரோன் நினைத்துக்கொள்ளும். முடுக்கமானி அதை மறுக்கும், ஆனால் பேருந்து சீரான வேகத்தில் போனால் அந்த மறுப்புக்கு வலு குறைவு. அதனால் சில அமைப்புகளில் இலக்குப் பெட்டிக்குள் விழும் புள்ளிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியை வைத்தே தன் இடத்தைக் கணக்கிடுகிறார்கள்.