குழந்தையைத் தூக்கி வரும் குழந்தை

குழந்தைத் தொழிலாளர் என்றதும் நமக்குத் தீப்பெட்டி ஆலையும் செங்கல் சூளையும்தான் நினைவுக்கு வரும். குழந்தைகள் நல மருத்துவரான நான் பார்ப்பது வேறு. வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட சிறுமிகள், அந்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை தடவை போச்சு?" என்று கேட்டால் அம்மா திரும்பிப் பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்ப்பார். "ராத்திரியிலிருந்து ஏழு தடவை டாக்டர். கடைசி ரெண்டும் வெறும் தண்ணி" என்று பதில் அவளிடமிருந்துதான் வரும். எப்போது பால் குடித்தது, எந்த சிரப்பைத் துப்பியது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ராத்திரி கண்விழித்தது யார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் கையைப் பார்ப்பேன். சோப்புத் தண்ணீரில் ஊறி விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருக்கும், நகத்தைச் சுற்றி வீங்கியிருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் பல பேருக்கு ரத்தசோகை தெரியும். எப்போதும் ஒரே பக்கம் குழந்தையைச் சுமப்பதால் இடுப்பு வலி, முதுகு வலி. பருவம் அடையும் வயதில்தான் பெண் குழந்தைகள் மளமளவென்று வளர்வார்கள். அந்த இரண்டு மூன்று வருடங்களில் சத்தான சாப்பாடும் தூக்கமும் கிடைக்காவிட்டால், பின்னால் என்ன கொடுத்தாலும் முழுசாக ஈடுகட்ட முடியாது. மாதவிடாய் தொடங்கியதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பழைய துணியோடு சமாளிக்கும் பிள்ளைகளும் உண்டு. சக மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அவளுக்கும் ஒரு ஓபி சீட்டு போடுங்கள், எடை பாருங்கள், வீட்டுக்காரர்கள் வெளியே இருக்கும்போது இரண்டு நிமிடம் பேசுங்கள்.

"யார் இந்தப் பாப்பா?" என்றால் "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி டாக்டர்" என்பார்கள். சரி, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து அந்த நியாயம் வரும்: "ஊர்ல இருந்தா சோத்துக்கே வழியில்ல. இங்க மூணு வேளை சாப்பிடுது, நல்ல துணி போடுது."

இப்படிச் சொல்கிறவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. ஊரில் இருக்கும் வறுமையும் பொய் இல்லை. அப்பாவின் குடி, அம்மாவின் நோய், அக்கா கல்யாணக் கடன், வாங்கிய முன்பணம் என்று ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் தேவை என்றால், ஏன் அந்தப் பெண்ணின் அம்மாவையோ சித்தியையோ வைத்துக்கொள்ளவில்லை? பெரியவர்கள் சரியான சம்பளம் கேட்பார்கள். தீபாவளிக்கு போனஸ் கேட்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். ஒத்துவராவிட்டால் நின்றுவிடுவார்கள். குழந்தைக்கு இதில் எதையும் கேட்கத் தெரியாது. உதவி செய்வதுதான் எண்ணம் என்றால், அவள் ஊரிலேயே படிப்பதற்கு மாதாமாதம் பணம் அனுப்பலாமே! அதற்கு அவள் நம் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ வேண்டியதில்லை. ஏழைக் குடும்பத்துக்கு வருமானம் தேவை என்பது உண்மை. அதை அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளைதான் சம்பாதித்தாக வேண்டும் என்பது நம் வசதிக்காக நாம் சேர்த்துக்கொண்டது.

அதற்காக, இதைப் படித்துவிட்டு அவசர அவசரமாக அவளை பஸ் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், குழந்தைகளை வைத்துத் தயாரித்த பொருட்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் வங்கதேச ஆடை ஆலைகள் குழந்தைகளை வெளியே அனுப்பின. சுமார் 50,000 பேர் என்கிறது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் 1997ஆம் ஆண்டு அறிக்கை. வெளியே போனவர்களில் பலர் கல் உடைக்கவும் பாலியல் தொழிலுக்கும் போனது பிறகுதான் தெரிய வந்தது. 1995இல் யுனிசெஃப், ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆலை முதலாளிகள் சங்கம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பள்ளி ஏற்பாடாகும் வரை யாரையும் நிறுத்தக் கூடாது, படிக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை, அந்த வேலை குடும்பத்துப் பெரியவருக்கு. வேலையை மட்டும் பிடுங்கினால் பசி அப்படியே இருக்கும் என்பதைப் புரிந்துகொண்டு போட்ட ஒப்பந்தம் அது.

நம் நாட்டில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பதினஞ்சு ஆயிடுச்சு" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 18 வயது வரை, ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து வேலை வாங்குவதும் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆவது பிரிவில் வரும். அதற்கு 5 ஆண்டு வரை சிறை.

பக்கத்து வீட்டில், எதிர் ஃப்ளாட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். செய்த வேலைக்கான சம்பள பாக்கியை அங்கேயே கேளுங்கள். பள்ளிப் படிப்பு விட்டுப்போயிருந்தாலும், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது.

அப்புறம், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கும், பெற்றோர் தீராத நோயில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதில் வாய்ப்பு இருக்கிறது. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று காகிதங்களில்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. இதுவரை அந்தப் பெண்ணிடம் வேலை வாங்கியவர்கள் அந்த அலைச்சலைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, கையெழுத்தாகும் வரை கூடவே போய் வரட்டும்.